செத்தது ஏழு, பிழைத்தது ஒன்று!

சகோதரிகளே, உங்கள் வீட்டு மேஜை இழுப்பறையை ஒருமுறை திறந்து பாருங்கள். துருப்பிடித்த சாவி, காலியான தைல டப்பா, பழைய ரசீது, இவற்றுக்கு நடுவே செத்துப்போன செல்போன் சார்ஜர் ஒன்றாவது கிடக்கும். எங்கள் வீட்டு இழுப்பறையில் ஏழு கிடந்தன.

ஏழும் 2020-க்குப் பிறகு வாங்கியவை. பஸ் நிலையத்து நடைபாதையில் ஒன்று, திருவிழாக் கடையில் ஒன்று, தெருவில் கூவி விற்றவரிடம் ஒன்று என்று அவ்வப்போது வாங்கியதுதான். 120 ரூபாயிலிருந்து 250 ரூபாய் வரை கொடுத்திருக்கிறேன். ஒருநாள் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். 1,190 ரூபாய்!

இன்னொரு சார்ஜரும் எங்கள் வீட்டில் உண்டு. 2020 கடைசியில் என் மகன் சென்னையிலிருந்து வாங்கி வந்தான். இரண்டு தீப்பெட்டியை ஒட்டி வைத்த அளவுதான் இருக்கும். முட்டை வடிவ வாய், எப்படித் திருப்பிச் செருகினாலும் போகும். 'சி-டைப்' என்று சொல்கிறார்களே, அதுதான். 20 வாட். விலை 1,200 ரூபாய் என்றதும் எனக்கு வயிறு எரிந்தது. "ஏலே, இதுக்குப் பதிலா ஒரு மூட்டை சிமெண்ட் வாங்கியிருந்தாலும் கொல்லைச் சுவரைப் பூசியிருக்கலாம்லா" என்று சத்தம் போட்டேன்.

ஏழு செத்தும் அது சாகவில்லை. இன்றைக்கும் தினமும் ஓடுகிறது. காரணம் என்ன என்று தெரிந்துகொள்ள எனக்கு நாலு வருஷம் ஆயிற்று. தெரிந்ததைச் சொன்னால் உங்களுக்கும் பிரயோஜனப்படும் என்றுதான் எழுதுகிறேன். காசு விஷயம் மட்டும் அல்ல. கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு இது உயிர் விஷயம்.

மழை நாளில் கிடைத்த பாடம்

விலை உயர்ந்த சார்ஜரை நான் உபயோகிக்கவே இல்லை. துணியில் சுற்றி, பீரோவில் நகை மாதிரி வைத்திருந்தேன். அன்றாட உபயோகத்துக்கு மலிவு சார்ஜர்தான்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்தது. தாமிரபரணி கரை தாண்டி, திருநெல்வேலி ஜங்ஷன் பகுதியே வெள்ளக்காடாயிற்று. என் மகள் அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. அவளைக் கட்டிக்கொடுத்த வீடு அந்த ஜங்ஷன் பக்கத்தில்தான்.

எங்கள் உவரியில் காற்றும் மழையும். கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. கூடங்குளத்தில் பக்கத்திலேயே மின்சாரம் தயாராகிறது என்று பெயர். மழைக் காலத்தில் எங்கள் வீட்டு விளக்கு எரிவது என்னவோ கடவுள் சித்தம்தான். மகள் கடைசியாகப் பேசியபோது, "வாசல்படி வரைக்கும் தண்ணி வந்துட்டும்மா" என்றாள். அதற்குள் என் போன் அணைந்து போயிற்று.

ராத்திரி கரண்ட் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், செருகி வைத்திருந்த மலிவு சார்ஜர் 'டப்' என்று வெடித்தது. ஒரு மின்னல், கருகல் நாற்றம், அவ்வளவுதான். கை நடுங்க பீரோவைத் திறந்து அந்த 1,200 ரூபாய்ச் சார்ஜரை எடுத்தேன். கரண்ட் இருந்தது முக்கால் மணி நேரம்கூட இராது. அதற்குள் போனில் பாதிக்கு மேல் ஏறிவிட்டது. மகளைப் பிடித்துவிட்டேன். பக்கத்து மாடி வீட்டுக்காரர்கள் கூட்டிப் போய்ப் பத்திரமாக வைத்திருந்தார்கள். அந்த ராத்திரி முழுவதும் மணிக்கு ஒரு தடவை அவள் குரலைக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

இவ்வளவு நடந்தும் எனக்குப் புத்தி வரவில்லை. வீட்டில் மூன்று போன். நல்ல சார்ஜர் ஒன்று இருந்தாலும், மற்ற போன்களுக்கு மறுபடி மலிவு சார்ஜர்தான் வாங்கினேன்.

பேத்தி கற்றுக்கொடுத்தாள்

2024 மார்ச்சில் பேத்தி பிறந்தாள். அந்த வருஷ டிசம்பரில் அவளுக்கு ஒன்பது மாதம். தவழுகிற பிள்ளைக்குத் தரையில் கிடக்கிற எதுவும் தின்பண்டம்தானே! நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளே சத்தத்தையே காணோம். சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டில் சத்தம் இல்லை என்றால் நாம்தான் ஓட வேண்டும். ஓடினேன். போனைக் கழற்றிக்கொண்டு வயரைத் தொங்க விட்டிருந்தார்கள். சுவிட்ச் போட்டபடி இருக்கிறது. பேத்தி அந்த வயர் நுனியைக் கையில் பிடித்து வாய்க்குக் கொண்டு போகிறாள்!

முதலில் சுவிட்சைத்தான் தட்டினேன். பிறகு வயரைப் பிடுங்கினேன். ஒன்றும் ஆகவில்லை. அந்தோணியார் காப்பாற்றினார். ஆனால் என் நெஞ்சு அடங்க ஒரு நாள் ஆயிற்று.

இது எங்கள் வீட்டில் மட்டும் நடக்கிற காரியம் அல்ல. 2023 ஆகஸ்டில் கர்நாடக மாநிலம் கார்வார் பக்கத்தில், சுவிட்சை அணைக்காமல் விட்ட சார்ஜர் வயரின் நுனியை வாயில் வைத்த எட்டு மாதக் குழந்தை மின்சாரம் தாக்கி இறந்துபோனது. பத்திரிகைகளில் வந்த செய்திதான். அதைப் படித்தபோது 'ஐயோ பாவம்' என்று பக்கத்தைப் புரட்டியவள் நான். என் வீட்டில் நடக்க இருந்தபோதுதான் உறைத்தது.

மறுநாளே இழுப்பறையில் கிடந்த ஏழையும், பேத்தியின் கையிலிருந்து பிடுங்கிய எட்டாவதையும் பையில் போட்டுக்கொண்டு திசையன்விளைக்குப் பஸ் ஏறினேன். என் நாத்தனார் மகன் அங்கே போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான்.

சின்னக் கரண்டி, வேகமான கை

"வாங்க அத்தே, என்ன பை நிறைய? கருவாடா?" என்றான்.

"கருவாடு இல்ல மருமவனே, பொணம். ஒண்ணொண்ணா அறுத்து என்னத்துல செத்துச்சுன்னு சொல்லு" என்றேன்.

அவன் சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாகத் திறந்தான். ஒரு எச்சரிக்கை: இந்தக் காரியத்தை நாம் வீட்டில் செய்யக் கூடாது. சுவிட்சிலிருந்து கழற்றிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும். தொட்டால் தூக்கிப் போடும்.

சார்ஜர் என்ன செய்கிறது என்று முதலில் கேட்டுக்கொண்டேன். சுவரில் வருவது 230 வோல்ட். போனுக்கு வேண்டியதோ 5 வோல்ட், வேகமாக ஏற வேண்டுமானால் 9 வோல்ட். பழைய காலத்து ரேடியோ அடாப்டர் நினைவிருக்கிறதா? செங்கல் மாதிரி கனக்கும். உள்ளே இரும்பும் செம்புக் கம்பியும் நிறைய இருக்கும். இப்போது வருவது அப்படி அல்ல. மின்சாரத்தை ஒரு நொடிக்குப் பல்லாயிரம் தடவை நறுக்கி நறுக்கி அனுப்புகிறது. தொட்டித் தண்ணீரைக் குடத்தால் நாலு தடவை மொண்டு ஊற்றலாம். அதையே சின்னக் கரண்டியால் படு வேகமாக மொண்டும் ஊற்றலாம். கரண்டி சின்னதானதால் சார்ஜரும் சின்னதாயிற்று. இப்போது 'கேன்' என்று போட்டு வருகிறவற்றில் சிலிக்கானுக்குப் பதில் காலியம் நைட்ரைடு என்ற பொருள் இருக்கிறது. அது இன்னும் வேகமாக மொள்ளும், சூடு குறைவு.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. உருவம் சின்னதானால் உள்ளே பிறக்கிற சூடு வெளியேற இடமும் சின்னது. சார்ஜரின் ஆயுள் இந்தச் சூட்டில்தான் இருக்கிறது.

ஏழும் செத்த விதம்

முதல் இரண்டும் சூட்டில் செத்தவை. உள்ளே தகர டப்பா மாதிரி ஒரு சின்ன உருளை. கெப்பாசிட்டர் என்றான். அதற்குள் ஒரு திரவம் இருக்கிறது. சூடு ஏற ஏற அது வற்றிப்போகும். மண்டை உப்பிக்கொண்டு நிற்கும். எங்கள் இரண்டிலும் உப்பியிருந்தது. பத்து டிகிரி சூடு குறைந்தால் இதன் ஆயுள் சுமார் இரண்டு மடங்கு ஆகுமாம். 105 டிகிரியில் 2,000 மணி நேரம் உழைக்கும் என்று குறித்த உருளையை எடுத்துக்கொள்ளுங்கள். 95 டிகிரியில் 4,000 மணி நேரம், 85-ல் 8,000, 75-ல் 16,000. தினமும் நாலு மணி நேரம் உபயோகித்தால், 95 டிகிரிச் சூட்டில் ஆயிரம் நாள். மூன்று வருஷம்கூட இல்லை. 75 டிகிரியில் நாலாயிரம் நாள்; பதினோரு வருஷத்துக்குக் கிட்டே வருகிறது. மெத்தைக்கும் சுவருக்கும் நடுவே சார்ஜரை நெருக்கி வைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். நான் அப்படித்தான் வைத்திருந்தேன்.

மூன்றாவது, மழை ராத்திரியில் வெடித்தது. கரண்ட் போய் வரும்போது சில சமயம் மின்னழுத்தம் எக்கச்சக்கமாக ஏறும். நல்ல சார்ஜரில் அதைத் தாங்க உள்ளே காவல் வைத்திருப்பார்கள். இதில் பியூஸ் வேலை செய்யும் சிறு பொருளைக்கூட வைக்காமல், வெறும் கம்பியை இழுத்துப் பற்ற வைத்திருந்தார்கள்.

நாலாவதும் ஐந்தாவதும் வாய் தளர்ந்து செத்தவை. சி-டைப் வாய்க்குள் மேலே 12, கீழே 12 என்று 24 தொடுமுனைகள் உண்டு. பத்தாயிரம் தடவை செருகி எடுக்கத் தாங்கும்படி அமைக்கப்பட்டது. தினமும் இரண்டு தடவை என்றாலும் பதின்மூன்று வருஷம் வரும். பிறகு எப்படித் தளர்ந்தது? வயர் தொங்கத் தொங்கப் போனைக் காதில் வைத்துப் பேசியதும், எடுக்கும்போது தலையைப் பிடிக்காமல் வயரைப் பிடித்து இழுத்ததும்தான். உள்ளே ஈயப் பற்று விட்டுப்போயிருந்தது.

ஆறாவதைத் திறந்ததும், "இது கடக்கரை வீட்டுச் சார்ஜர்னு யாருஞ் சொல்லாமலே தெரியும் அத்தே" என்றான். முனைகளில் பாசி பிடித்த மாதிரி பச்சை. செம்பில் ஏறிய களிம்பு. எங்கள் ஊர் உப்புக் காற்று ஜன்னல் கம்பி, சைக்கிள், கேஸ் அடுப்பு எதையும் விடாது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அந்த ஈரத்தில் மின்சாரமும் சேர்ந்தால் உலோகத்தைச் சீக்கிரம் தின்றுவிடும். போதாக்குறைக்கு, மீன் கழுவிய கையோடு எத்தனை தடவை வயரைச் செருகியிருப்பேன்!

ஏழாவதை அவன் திறக்கவே இல்லை. வேறு வயரைப் போட்டுச் செருகினான். போன் சார்ஜ் ஏறியது! "இது சாவவே இல்லையே அத்தே. வயருதான் செத்திருக்கு" என்றான். உயிரோடு இருந்ததை இழுப்பறையில் போட்டுவிட்டு இன்னொன்று வாங்கியிருக்கிறேன். ஆகவே சார்ஜ் ஏறவில்லை என்றால் முதலில் வயரை மாற்றிப் பாருங்கள். பிறகு சுவரில் வேறு பாயிண்ட். பிறகு போனின் துவாரத்தில் பஞ்சு, தூசி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். சார்ஜரைக் குறை சொல்வது கடைசி.

சாகாத எட்டாவது

எட்டாவதைக் கையில் கொடுத்தேன். பேத்தி வாய்க்குக் கொண்டுபோன வயரின் சார்ஜர். அது நன்றாக ஓடிக்கொண்டிருந்த சாமான். திறந்து பார்த்ததும் மருமகன் முகம் மாறிவிட்டது.

சார்ஜருக்குள் இரண்டு பக்கம் உண்டு. ஒரு பக்கம் சுவரிலிருந்து வருகிற 230 வோல்ட், ஆளைக் கொல்லும். மறுபக்கம் போனுக்குப் போகிற 5 வோல்ட், சாது. இரண்டுக்கும் நடுவே மதில் மாதிரி ஒரு தடுப்பு இருக்க வேண்டும். நல்ல சார்ஜரில் இரண்டு பக்கத்தையும் சில மில்லிமீட்டர் தள்ளி வைத்து, நடுவில் பலகையையே வெட்டி இடைவெளி விட்டிருப்பார்கள். சுருளைச் சுற்றிப் பல அடுக்கு மஞ்சள் நாடா இருக்கும். எங்கள் எட்டாவதில் இரண்டு பக்கமும் ஒன்றை ஒன்று தொடாத குறை. நடுவே தலைமுடி நுழையும், அவ்வளவுதான். நாடா ஒரே சுற்று.

"கொஞ்சம் ஈரம் பட்டாப் போதும் அத்தே. இந்தப் பக்கத்துக் கரண்டு அந்தப் பக்கம் தாவிரும். வயரு நுனியில 230 வந்து நிக்கும்" என்றான்.

எனக்கு உட்கார நாற்காலி வேண்டியிருந்தது. சாகாத சார்ஜர் நல்ல சார்ஜர் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். எட்டிலும் மோசமானது அதுதான். 'ஓடுகிறது' என்பது வேறு, 'பத்திரமாக ஓடுகிறது' என்பது வேறு.

இது நம் ஊர்க் கோளாறு மட்டும் அல்ல. அமெரிக்காவில் யு.எல். என்ற பாதுகாப்புச் சோதனை நிறுவனம் 2016-ல் ஆப்பிள் கம்பெனிப் பெயரைப் போட்டு வந்த 400 போலிச் சார்ஜர்களைச் சோதித்தது. 397 தேறவில்லை. அவற்றில் 12, ஆளையே கொல்லக்கூடிய அளவுக்கு மோசம்.

வாங்கும்போது

முன்பெல்லாம் போன் பெட்டிக்குள்ளேயே சார்ஜர் வரும். 2020 கடைசியில் ஆப்பிளும், அடுத்த ஆண்டு சாம்சங்கும் தங்கள் உயர் ரகப் போன்களில் அதை நிறுத்தின. பிறகு பல கம்பெனிகளும் அதே வழிக்குப் போயின. ஆகவே சார்ஜர் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு இப்போது நம் தலையில். என் மருமகன் சொல்லிக்கொடுத்ததும் நான் அனுபவத்தில் கண்டதும் இவை:

1. குக்கரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்க்கிறோம் அல்லவா? சார்ஜருக்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு கட்டாயம். சார்ஜர் உடம்பிலேயே ஐ.எஸ். என்ற எழுத்துகளோடு ஓர் எண்ணும், 'ஆர்' என்று ஆரம்பித்து எட்டு இலக்கப் பதிவு எண்ணும் இருக்கும். 'பி.ஐ.எஸ். கேர்' என்ற செயலியைப் போனில் போட்டு அந்தப் பதிவு எண்ணை அடித்தால், தயாரித்தது யார் என்று வந்துவிடும். சார்ஜரில் உள்ள பெயரோடு அது ஒத்துப்போக வேண்டும். எண் இல்லையா, பெயர் ஒத்து வரவில்லையா, வாங்க வேண்டாம்.

2. பெரும்பாலான போன்களுக்கு 20 அல்லது 25 வாட் போதும். போன் தனக்கு வேண்டியதைத்தான் கேட்டு வாங்கிக்கொள்ளும். வாட் கூடினால் போன் கெடும் என்பது சரியல்ல. சில கம்பெனிப் போன்கள் அதிவேகமாக ஏற வேண்டுமானால் அவர்கள் சார்ஜரையே கேட்கும். வேறு நல்ல சார்ஜரில் சற்று மெதுவாக ஏறும், அவ்வளவுதான்.

3. சி-டைப் வாங்குங்கள். ஐரோப்பிய நாடுகளில் 2024 டிசம்பர் 28 முதல் புதுப் போன்களுக்கு சி-டைப் துவாரம் கட்டாயம் ஆகிவிட்டது. ஆப்பிள் போனே 2023-ல் இதற்கு மாறியது. இன்று வாங்குகிற நல்ல சார்ஜர் அடுத்த போனுக்கும் உதவும்.

4. மலிவான எமர்ஜென்சி விளக்கு, பொம்மை போன்றவை இரு முனையும் சி-டைப் உள்ள வயரில் சில சமயம் ஏறாது. சார்ஜர் பழுது என்று எறிந்துவிடாதீர்கள். சி-டைப் சார்ஜர், எதிரே முறையான சாதனம் இருப்பதாகத் தெரிந்தால்தான் மின்சாரத்தைத் திறந்து விடும். அந்த மலிவுச் சாமானில் தெரிவிக்கும் பாகம் இராது.

5. பில் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். காரண்டி இருப்பதைப் பில் இல்லாமல் கேட்க முடியாது.

பல வருஷம் உழைக்க

சார்ஜரைத் தலையணை அடியிலோ, மெத்தை ஓரத்திலோ, வெயில் விழும் ஜன்னலிலோ வைக்காதீர்கள். நாலு பக்கமும் காற்றுப் பட வேண்டும். இளஞ்சூடு இருப்பது சகஜம். கை வைக்க முடியாத சூடு என்றால் நிறுத்திவிடுங்கள்.

சுவரில் உள்ள பாயிண்ட் தளர்ந்திருந்தால் எவ்வளவு நல்ல சார்ஜரும் கெடும். செருகினால் ஆடுகிறதா, துவாரத்தைச் சுற்றிப் பழுப்பு நிறம் ஏறியிருக்கிறதா, 'சர்' என்று சத்தம் வருகிறதா, எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு பாயிண்டை மாற்றுங்கள். வளைகுடாவிலிருந்து வந்த பட்டை முள் சார்ஜரை ஆடுகிற மாற்றுப் பிளக்கில் செருகி உபயோகிக்கும் வீடுகள் எங்கள் பக்கம் அநேகம். அந்தப் பிளக் சூடேறுகிறதா என்று தொட்டுப் பாருங்கள்.

கரண்ட் போனால் சார்ஜர் சுவிட்சை அணைத்துவிடுங்கள். வந்து ஐந்து நிமிஷம் கழித்துப் போடுங்கள். இடி மின்னலின்போது கழற்றியே வைத்துவிடுங்கள்.

ஈரக் கையோடு தொட வேண்டாம். வயர் முனையை வாரம் ஒருமுறை காய்ந்த துணியால் துடையுங்கள். பச்சைக் களிம்பு கண்டால் அந்த வயர் வேண்டாம். கடற்கரை ஊர்க்காரர்கள் உபயோகிக்காத சார்ஜரை மூடி உள்ள டப்பாவில் போட்டு வையுங்கள். கடல் பார்த்த ஜன்னல் பக்கம் பாயிண்ட் வேண்டவே வேண்டாம்.

சும்மா செருகி வைத்தால் பில் ஏறுமே என்று சிலர் கேட்பார்கள். நல்ல சார்ஜர் சும்மா இருக்கும்போது எடுப்பது 0.1 வாட் அளவுதான். வருஷம் முழுவதும் கூட்டினாலும் ஒரு யூனிட்கூட வராது. நான் அணைக்கச் சொல்வது பில்லுக்காக அல்ல, பிள்ளைக்காக.

இனி இளம் தாய்மார்களுக்கு. போனைக் கழற்றினால் சுவிட்சை அணைத்து, வயரையும் கழற்றி மேலே வையுங்கள். மூன்றையும் சேர்த்தே செய்து பழகிவிட்டால் மறக்காது. தரையோரப் பாயிண்டில் சார்ஜர் செருக வேண்டாம். சார்ஜ் ஏறுகிற போனைக் குழந்தை கையில் கொடுத்துச் சோறு ஊட்டாதீர்கள். போனின் உலோக விளிம்பைத் தொட்டால் மிக மெல்லிய குறுகுறுப்பு இரண்டு முள் உள்ள நல்ல சார்ஜரிலும் சில சமயம் தெரியும். ஆனால் சுரீர் என்று அடித்தால் அந்தச் சார்ஜரை அன்றே தள்ளிவிடுங்கள். செத்த சார்ஜரைக் கடற்கரையில் எறிவதோ, சருகோடு போட்டு எரிப்பதோ கூடாது, புகை நச்சு. மின்னணுக் கழிவு வாங்குகிற இடத்தில் சேர்த்துவிடுங்கள்.

எட்டாவது சார்ஜரை மட்டும் நான் கழிவில் போடவில்லை. திறந்தபடியே மருமகன் கடைக் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. "120 ரூவாய்க்கு வெளியில கிடைக்குதே" என்று பேரம் பேசுகிறவர்களுக்கு அதைத்தான் எடுத்துக் காட்டுகிறான். பேசாமல் வாங்கிக்கொண்டு போகிறார்களாம்.

எங்கள் வீட்டில் இப்போது நல்ல சார்ஜர் இரண்டு. இரண்டுக்கும் இடம் என் தோள் உயரத்துக்கு மேலே. பேத்தி இப்போது ஓடியாடித் திரிகிறாள். எட்டாத அந்தச் சுவிட்சைக் காட்டி, "ஆச்சி, அது சுடும்" என்று எனக்கே புத்தி சொல்கிறாள். அடுப்பைச் சொல்லிக்கொடுத்த மாதிரி அதையும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். நம் பிள்ளைகளுக்கு இப்போது அடுப்பு மாதிரிதானே அதுவும்!